முட்டை இல்லை என்று சொன்ன கேக்

வசந்தா,

உன் கடிதம் சனிக்கிழமை மத்தியானம் வந்தது. அப்பா தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்தார். உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் எழுந்து வந்து, "படிம்மா, சத்தமா படி" என்றார். படித்தேன். பெங்களூர்க் குளிர், குவார்ட்டர்ஸில் காலையில் மட்டும் வரும் தண்ணீர், மாப்பிள்ளை ஓவன் வாங்கி வந்த கதை, உன் மாமியார் அதை ரேடியோ என்று நினைத்துப் பாட்டு வைக்கச் சொன்ன கதை எல்லாவற்றுக்கும் சிரித்தோம். கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய். "அத்தைக்கு முட்டை ஆகாது. போட்டுட்டு இல்லைன்னு சொல்லிடு, ருசியில யாருக்குத் தெரியப்போகுதுன்னு இவர் சொல்றார். நீ என்னம்மா சொல்றே?" அந்த வரியை மட்டும் நான் சத்தமாகப் படிக்கவில்லை. அப்பா மறுபடி தறிக்குப் போன பிறகு தனியாக உட்கார்ந்து நாலைந்து தடவை படித்தேன்.

மாப்பிள்ளை விளையாட்டுக்குச் சொல்லியிருப்பார். அவர் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் நீ ஏன் அதை எனக்கு எழுதினாய் என்றுதான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். மறந்துபோய் எழுதினாயா, மறக்காததால் எழுதினாயா? நேரில் கேட்டால் நீ சொல்லமாட்டாய். அதனால் பள்ளிக்கூட நோட்டிலிருந்து கோடு போட்ட தாள்களைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். கேக் செய்கிற முறையும் இதில் இருக்கிறது. அதற்காகவாவது முழுவதும் படி.

நம் வீட்டுக்கு ஓவன் எப்படி வந்தது என்பது உனக்கு அரைகுறையாக ஞாபகம் இருக்கும். வாசல் அறையில் ஸ்டெல்லா அக்கா இரண்டு வருஷம் குடியிருந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஆற்காட்டுப் பக்கத்துக்காரி. அவளிடம் வட்டமாக, அலுமினியத்தில், மூடியின் நடுவில் கண்ணாடி பதித்த ஒரு ஓவன் இருந்தது. நம் பிள்ளையார்பாளையத்தில் அப்போது அடுப்பு என்றால் விறகும் கரியும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும்தான். கம்பியைச் சுவரில் சொருகினால் நெருப்பே இல்லாமல் வேகிற பாத்திரத்தைப் பார்க்க, தெருவில் நெசவுக்குப் பாவு நூல் நீட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். முதலில் நான் ஒட்டவில்லை. பிறகு அவள் டூட்டி முடிந்து வந்து வெண்ணெயும் சர்க்கரையும் குழைக்கும்போது பக்கத்தில் போய் நின்றேன். அப்புறம் கிண்ணத்தைப் பிடித்தேன். அப்புறம் கரண்டியையே வாங்கிக்கொண்டேன்.

எனக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் செய்த வேலை எல்லாம் இன்னொருவர் வேலையின் ஒரு துண்டு. நூல் சுற்றிக் கொடுப்பேன், ஜரிகை பிரித்துக் கொடுப்பேன்; புடவை என்னவோ உன் அப்பா நெய்ததுதான். கேக் மட்டும் முதலிலிருந்து கடைசிவரை நான் செய்தது. கண்ணாடி வழியாக அது மெல்ல எழும்பி வருவதைப் பார்க்கும்போது எனக்குள் ஏதோ எழும்பும். ஸ்டெல்லா அக்கா மாற்றலாகிப் போகும்போது, "இது எங்கூட வந்தா சும்மா கெடக்கும்மா, உங்கிட்டதான் வேல செய்யும்" என்று ஓவனை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள். அதன்பிறகு தெருவில் எனக்குக் 'கேக்கு வூட்டம்மா' என்றே பெயர் ஆகிவிட்டது. அந்தப் பெயர் தலைக்கு ஏறியது. அதை மறைக்க மாட்டேன்.

இப்போது ராஜம்மா விஷயத்துக்கு வருகிறேன். நீ சித்தி என்று கூப்பிடுகிற அதே ராஜம்மாதான். இரண்டு வீடு தள்ளிச் சாயம் போடுகிற வீடு. வீட்டுக்குள் தெலுங்கு, வெளியில் நம்மைப் போலத்தான் பேச்சு. அவள் பெண் சரசுவும் நீயும் ஒரே வகுப்பு. நீங்கள் ஐந்தாம் வகுப்புப் போவதற்கு முந்தைய கோடையில் சரசுவுக்கு டைபாய்டு வந்தது. இருபத்தொரு நாள் காய்ச்சல் இறங்கவில்லை. முடியெல்லாம் கொட்டி, எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். ராஜம்மா குமரக்கோட்டத்துக்குப் போய், பெண் பிழைத்தால் ஒரு வருஷம் கவிச்சி தொடுவதில்லை, முட்டைகூட இல்லை என்று முருகனிடம் வேண்டிக்கொண்டு வந்தாள். மீன் குழம்பு இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை ஓடாத வீடு அது. சரசு பிழைத்தாள். ராஜம்மாவும் விரதத்தைக் கைவிடவில்லை. கறி சமைக்கிற நாளில் மற்றவர்களுக்குப் பரிமாறிவிட்டு, தான் மட்டும் மோர் ஊற்றிக்கொண்டு எழுந்துவிடுவாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும்.

எட்டு மாதம் போனபின் சரசுவுக்குப் பிறந்தநாள் வந்தது. பிழைத்து வந்த பிள்ளை என்பதால் ராஜம்மா தெருப் பெண்களை எல்லாம் கூப்பிட்டுப் பாயசம் கொடுப்பதாக இருந்தாள். நான் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு கேக் செய்துகொண்டு போய் நின்று எல்லோரையும் அசத்திவிட வேண்டும் என்று நினைத்தேன். ரேஷன் சர்க்கரையை இரண்டு வாரம் சேர்த்து வைத்தேன். எனக்குத் தெரிந்தது ஸ்டெல்லா அக்கா சொல்லிக்கொடுத்த ஒரே முறைதான், அதற்கு நாலு முட்டை. குழந்தைகள் சாப்பிடட்டும், ராஜம்மாவிடம் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று எண்ணித்தான் செய்தேன். வீட்டை விட்டுக் கிளம்பும்போது என் மனதில் பொய் இல்லை. இதை நீ நம்ப வேண்டும்.

அங்கே போனால் பத்துப் பன்னிரண்டு பெண்கள். தட்டின் மேல் மூடியிருந்த துணியை எடுத்ததும் "அம்மாடி!" என்றார்கள். ஒருத்தி மட்டும், "நெசவு வூட்டுல வெள்ளக்காரன் பலகாரமா? இது எல்லாரும் துன்ற பொருளா என்னா?" என்று முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து ராஜம்மா என் பக்கம் திரும்பி, எவ்வளவு சந்தோஷமாகக் கேட்டாள் தெரியுமா: "அக்கா, எம் பொண்ணுக்காக நீ செஞ்சிக்கினு வந்திருக்கிறே. நான் துன்னலாமா? முட்ட கிட்ட இல்லையே?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வெள்ளைக்காரன் பலகாரம் என்றவள் ஒரு சிரிப்போடு பார்த்தாள். இருக்கிறது என்று சொன்னால் விரதக்காரி வீட்டுக்கு முட்டைப் பலகாரம் எடுத்து வந்தவள் என்று ஆகிவிடும். "இல்லம்மா, உனக்குன்னே இல்லாம செஞ்சேன்" என்று சொல்லிவிட்டேன். யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது. ராஜம்மா ஒரு துண்டு சாப்பிட்டாள். "பஞ்சு மாதிரி இருக்குதுக்கா" என்று இரண்டாவது துண்டையும் எடுத்தாள்.

அப்போதுதான் நீ பேசினாய். சரசு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், நான் ஏதோ மறந்துவிட்டேன் என்று நினைத்து எனக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரிச் சொன்னாய்: "நாலு முட்ட ஒடச்சியேம்மா. நாந்தானே ஓடெல்லாம் பொறுக்கிப் போட்டேன்."

நான் எழுந்து வந்து உன் கன்னத்தில் அறைந்தேன். அத்தனை பேர் முன்னால். "பெரியவங்க பேசற எடத்துல என்னாடி வாய்?" என்றேன். நீ அழவில்லை. கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாய். நான் எதற்காக அடிக்கிறேன் என்று உனக்குப் புரியவில்லை. ராஜம்மா பின்கட்டுக்குப் போனாள். தொட்டித் தண்ணீரை அள்ளி அள்ளி வாய் கொப்பளிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். நான் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா நடந்ததைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சரி, பொண்ண எதுக்கு அடிச்சே?" அவர் உன்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தறிப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் சரசுவுக்குக் காய்ச்சல் என்று தெருவில் பேச்சு வந்தது. ராஜம்மா வீட்டு வாசல்வரை போய்ப் போய்த் திரும்பி வந்தேன், உள்ளே போகத் தைரியம் இல்லை. வெறும் ஜலதோஷக் காய்ச்சல்தான், இரண்டு நாளில் இறங்கிவிட்டது. ஆனால் விரதம் கெட்டதால்தான் பிள்ளைக்கு வந்ததோ என்று அந்த இரண்டு நாளும் நான் தூங்கவில்லை. சரசு சரியானதும் ராஜம்மா மறுபடி குமரக்கோட்டத்துக்குப் போய்விட்டு வந்தாள். போன எட்டு மாதத்தைக் கணக்கில் வைக்காமல், அன்றிலிருந்து புதிதாக ஒரு வருஷம் தொடங்கினாள். என்னிடம் சண்டை போடவில்லை. குழாயடியில் பார்த்தால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்து விடுவாள், அவ்வளவுதான்.

முட்டை இல்லாமல் ஒரு கேக் செய்து கொண்டுபோய்க் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அசட்டுத்தனமாக நினைத்தேன். முதல் தடவை செங்கல்லாக வந்தது. இரண்டாவது தடவை அழகாக எழும்பியது. பொறுக்காமல் மூடியைத் திறந்து பார்த்தேன், நடுவில் குழி விழுந்துவிட்டது. மூன்றாவதில் சோடாவைக் கூடுதலாகப் போட்டு, வாயில் வைக்க முடியாமல் சோப்பு மாதிரி இருந்தது. அப்போது ஒருநாள் உன் அப்பா பெருமாள் கோயிலிலிருந்து கோயில் இட்லி வாங்கி வந்தார். மிளகு, சீரகம், சுக்கு, நெய் மணக்க ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டபோது அதன் புளிப்பில் ஒன்று புரிந்தது. இந்த ஊரில் எத்தனையோ காலமாகத் தயிரை வைத்து மாவை எழுப்புகிறார்கள், நான் எதற்கு முட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறேன்? அன்றைக்கே தயிரில் சோடா கலந்து பார்த்தேன். கிண்ணத்தில் நுரைத்துப் பொங்கி வந்தது.

அப்படி நன்றாக வந்த கேக்கை எடுத்துக்கொண்டு ராஜம்மா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் தட்டைப் பார்த்தாள். "சத்தியமா முட்ட இல்ல ராஜம்மா" என்றேன். "வத்து அக்கா" என்றாள். என்னிடம் எப்போதும் தமிழில் பேசுகிறவள், வேண்டாம் என்பதை அன்று அவள் வீட்டுத் தெலுங்கில் சொன்னாள். நான் அவளுக்கு அவ்வளவு அந்நியமாகிவிட்டேன். திரும்பி நாலடி வைத்ததும் பின்னாலிருந்து, "அக்கா" என்றாள். "செய்யறதுன்னா எங்க வூட்டுல வந்து செய். எங்கண்ணு முன்னாடி செய்."

மறுநாள் காலை ஓவனை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். நீயும் வந்தாய், என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொள்ளாமல் இரண்டடி தள்ளியே வந்தாய். ராஜம்மா மாவு, சர்க்கரை, தயிர் எல்லாவற்றையும் தன் வீட்டுப் பாத்திரத்திலிருந்தே எடுத்து வைத்திருந்தாள். என்னிடமிருந்து அவள் வாங்கியது சோடா டப்பாவை மட்டும். அதையும் திறந்து, முகர்ந்து, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். சாயத்தில் நகக்கண்ணெல்லாம் அரக்கு நிறம் ஏறிய அவள் கையால் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, நான் வாங்கிக் கலந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அது நியாயம் என்றே பட்டது.

வேகிற முக்கால் மணி நேரமும் இரண்டு பேரும் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். நான்தான் ஆரம்பித்தேன். "ராஜம்மா, தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்."

"தெரியும். அதாங்க்கா தாங்கல எனக்கு. தெரியாம குடுத்திருந்தா முருகனே மன்னிச்சிக்குவான்னு விட்டிருப்பேன்."

"நாலு பேர் முன்னாடி அவமானமா பூடும்னு..."

"நாலு பேர் பூட்டாங்க. நாம ரெண்டு பேர்தானே தெனம் பாத்துக்கினு இருக்கணும்?" என்றாள். மூடிக் கண்ணாடியை எட்டிப் பார்த்துவிட்டு, "அது போவட்டும். கொழந்தய எதுக்குக்கா அடிச்சே? அது ஒண்ணுதானே அன்னிக்கி எங்கிட்ட நெசத்தச் சொல்லிச்சி" என்றாள்.

கேக் வெந்து ஆறியதும் அவள் முதல் துண்டை வெட்டி, சாமி படத்தின் முன்னால் வைத்து எடுத்து, உன்னைக் கூப்பிட்டாள். "வா கண்ணு, மொதல்ல நீ துன்னு." நீ கையை நீட்டவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தாய். வாங்கலாமா, வாங்கினால் மறுபடி அடிப்பாளா என்று பார்த்தாய். வசந்தா, நான் அறைந்ததைவிட அந்தப் பார்வைதான் எனக்குள் இன்னும் இருக்கிறது. நான் தலையாட்டினேன். அன்றைக்கே உன்னை மடியில் இழுத்து வைத்து, "நீ சொன்னதுதான் சரி, அம்மா செஞ்சதுதான் தப்பு" என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். அது பன்னிரண்டு வருஷமாக நாளைக்காகவே இருக்கிறது.

அதற்குப் பிறகு நீ பேச்சைக் குறைத்துக்கொண்டாய். பதில் தெரிந்தும் கை தூக்கமாட்டேன் என்கிறாள் என்று ஆறாம் வகுப்பு டீச்சர் சொல்லி அனுப்பினார். அடக்கமான பெண் என்று உறவுக்காரர்கள் மெச்சினார்கள். நான் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் தாமலிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று, கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போக ஆசை என்பதை மாப்பிள்ளை மூன்று தடவை கேட்ட பிறகுதான் சொன்னாய். அதுவும் என் முகத்தைப் பார்த்துவிட்டு. இனிமேல் யார் முகத்தையும் பார்க்காதே. உனக்குத் தெரிந்ததை, உனக்கு வேண்டியதை, யார் உட்கார்ந்திருக்கிற இடமாக இருந்தாலும் சொல். உன் வாயை அடைத்தவளே இதைச் சொல்கிறேன். பத்து வயதில் நீ சொன்னதுதான் சரி. உன்னை அடித்தது தப்பு. அம்மாவை மன்னித்துவிடு.

இனி நீ கேட்டது. நல்ல கெட்டித் தயிர் ஒரு டம்ளர், அதிகம் புளிக்காததாக. அதில் பொடித்த சர்க்கரை ஒன்றேகால் டம்ளர் போட்டுக் கரையவிடு. பேக்கிங் பவுடர் ஒரு ஸ்பூன், சோடா அரை ஸ்பூன் போட்டுக் கலக்கி, ஐந்து நிமிஷம் தொடாமல் வை. குமிழ் குமிழாக நுரைத்து வரும். பிறகு உருக்கி ஆறவைத்த வெண்ணெய் அரை டம்ளர், ஏலக்காய்ப் பொடி. கடைசியில் இரண்டு முறை சலித்த மைதா இரண்டு டம்ளர். மைதா விழுந்த பிறகு அடிக்காதே, கரண்டியால் மடித்து மடித்து விட்டால் போதும். கெட்டியாக இருந்தால் இரண்டு கரண்டி பால். ஓவன் சூடு பார்க்க ஒரு வெள்ளைத் தாள் துண்டை உள்ளே போடு. இரண்டு மூன்று நிமிஷத்தில் டீ நிறம் வந்தால் சரியான சூடு, கறுத்தால் நிறுத்திக் கொஞ்சம் ஆறவிடு. அரை மணி நேரத்துக்கு மூடியைத் திறக்கவே திறக்காதே. அதற்குப் பிறகு ஈர்க்குச்சியால் குத்திப் பார், மாவு ஒட்டாமல் வந்தால் எடுத்துவிடலாம். சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்குப் போட்டால் கரண்ட் இறங்கி இங்கே ஓவன் சூடே ஏறாது. பெங்களூரில் எப்படியோ, முதல் தடவை காலையிலேயே செய்து பார்.

உன் மாமியாருக்கு இனிப்பு அதிகம் வேண்டாம் என்றால் இன்னொன்று சொல்கிறேன். ரவை இரண்டு டம்ளர், தயிர் ஒன்றரை டம்ளர் கலந்து அரை மணி நேரம் ஊறவை. கொரகொரப்பாகப் பொடித்த மிளகு சீரகம், சுக்குப் பொடி, பெருங்காயம், கறிவேப்பிலை, உப்பு, நாலு ஸ்பூன் நெய். ஓவனுக்குள் வைக்கும் முன்பு ஒரு சிட்டிகை சோடா. கோயில் இட்லியின் வாசனைதான், ஆனால் ஓரம் முறுகலாக இருக்கும். அதே சூட்டில் கத்தரிக்காய்க்கு எண்ணெய் தடவிப் பக்கத்தில் வைத்துவிடு. தோல் சுருங்கி வெந்ததும் உரித்துப் புளி விட்டுக் கொத்சு செய்தால் தொட்டுக்கொள்ள ஆயிற்று. முதல் நாள் மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்.

உன் நிச்சயதார்த்தத்தில் நடந்த ஒன்று உனக்குத் தெரியாது. நீ உள்ளே புடவை மாற்றிக்கொண்டிருந்தாய். நான் முட்டை போடாமல் செய்த கேக்கைத் தட்டில் வைத்து எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உன் மாமியார் தட்டைத் தொடாமல், பக்கத்தில் இருந்த ராஜம்மாவிடம் மெதுவாக, "இதுல முட்டை போட்டிருப்பாங்களாம்மா?" என்று கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். ராஜம்மா அன்று நான் செய்ததைப் பார்க்கவில்லை, என்னிடம் எதுவும் கேட்கவும் இல்லை. "இல்லீங்க. இருந்தா அக்காவே சொல்லியிருக்கும். அது சொன்னா சரியா இருக்கும், நீங்க தாராளமா துன்னுங்க" என்றாள். உன் மாமியார் எடுத்துச் சாப்பிட்டார்.

நான் சமையலறைக்குப் போய் நின்றுகொண்டேன். நீ பட்டுப் புடவையில் அங்கே வந்து, "ஏம்மா, கண்ணு ஏன் செவந்திருக்குது?" என்று கேட்டாய். புகை என்று சொன்னேன். அன்றைக்கு அடுப்பே மூட்டவில்லை, வசந்தா. நான் அழுதுகொண்டிருந்தேன்.

அம்மா